சாமான் கிடந்த அறை



கடந்த சில வாரங்களாக ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, என் கைகளைப் பார்த்து உங்களில் பலர் விசாரித்தீர்கள். விரலிடுக்குகள் வெடித்து, நகக்கண்களில் வெள்ளை படிந்திருந்தது. அது சுண்ணாம்பு. எங்கள் வீட்டின் பின்பக்கத்துச் சிற்றறையை விருந்தினர் தங்கும் அறையாக மாற்றிக்கொண்டிருந்தோம். வேலை முடிந்துவிட்டது; முதல் விருந்தாளியும் வந்து தங்கிச் சென்றுவிட்டார். அந்த அறையைப் பற்றி எழுதவே இந்த வாரம் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கிய பிறகுதான், அறையை மட்டும் எழுதி முடித்துவிட முடியாது என்று தெரிந்தது.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்த அறை நினைவிருக்காது. அதன் மூடிய கதவு நினைவிருக்கலாம். பாளையங்கோட்டையில் என் மனைவியின் பாட்டனார் கட்டிய வீடு இது. மரக்கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் இறுக்கிய கூரை. ஒன்றரை அடித் தடிமனுள்ள சுவர்கள். சிவப்புக் காவித் தரை. அடுக்களையைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போகும் வழியில், 8 அடிக்கு 10 அடியில் அந்த அறை. ஒரு காலத்தில் நெல் மூட்டைகள் அடுக்கிய அறை என்று மாமியார் சொல்வார்கள். எங்கள் காலத்தில் அதில் நெல்லும் இல்லை, ஆளும் இல்லை. சாமான் இருந்தது. துருத்தி கிழிந்த ஆர்மோனியம், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், விடுமுறை வேதாகமப் பள்ளியின் படச்சுருள்கள், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களின் மூங்கில் கூடுகள், கல்யாணத்தில் வந்த அண்டாக்கள், குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி. அந்தப் பெட்டியை எதற்காக 12 ஆண்டுகள் பாதுகாத்தோம் என்று எங்களுக்கே தெரியவில்லை. குளிர்சாதனப் பெட்டி எப்போதோ பழைய சாமான் கடைக்குப் போய்விட்டது.

ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். சுற்று மாவட்டங்களிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் விடியற்காலையிலேயே சீட்டு வாங்க வரிசையில் நிற்கவேண்டும்; அதற்கு முந்தின இரவே வந்துசேர வேண்டும். இந்த ஊரில் ஓர் ஊழியக்காரன் வீட்டுக்கு விருந்தாளி என்றால் பெரும்பாலும் அப்படி வருகிறவர்தாம்.

4 ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்து மழை இரவில், 8 மணிக்குமேல், வயதான உபதேசியார் ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். சாத்தான்குளத்துக்கு அப்பால், தேரிக்காட்டு ஓரத்துச் சிற்றூரில் ஊழியம் செய்தவர். நான் முதன்முதலாகச் சேகரப் பொறுப்பேற்றபோது அந்த ஊர்களை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தாம். மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்து, எந்த வீட்டில் என்ன துக்கம் என்று சொல்லித் தந்தவர். அவருடைய சின்ன வீட்டில் ஒரே ஒரு கயிற்றுக் கட்டில்தான் இருந்தது. அதில் நான் எத்தனையோ இரவுகள் படுத்திருக்கிறேன். அந்த இரவுகளில் அவரும் பிள்ளைகளும் எங்கே படுத்தார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும், திண்ணையில்.

மஞ்சள் பையும் பரிசோதனைத் தாள்களுமாக நின்ற அவர் எதையும் கேட்கவில்லை. "காலையில ஆஸ்பத்திரியில காட்டணும் ஐயா, அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று மட்டும் சொன்னார். சாப்பிட வைத்தோம். பிறகு நான் சொன்னேன்: "ரூம்ல சாமான் கிடக்கு உபதேசியாரே. பக்கத்துல நல்ல லாட்ஜ் இருக்கு. அங்கே தங்கிக்கிடுங்க." 500 ரூபாயை அவர் கையில் வைத்து ஜெபித்து அனுப்பினேன். கூடத்தில் ஒரு பாய் விரித்திருக்கலாம். மகளுக்கு மறுநாள் பரீட்சை, அவள் கூடத்தில்தான் படிப்பாள், இரவெல்லாம் விளக்கு எரியும், பெரியவருக்குத் தூக்கம் கெடும் என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவை பொய்யல்ல. ஆனால் அவற்றால்தான் அனுப்பினேன் என்பது மெய்யுமல்ல. அன்று எனக்குக் களைப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

அவர் விடுதிக்குப் போகவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில், நோயாளிகளோடு வந்தவர்கள் படுத்திருக்கும் இடத்தில், பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். இரவுப் பணியிலிருந்த நம் சபையார் ஒருவர் பார்த்திருக்கிறார். சில மாதங்கள் கழித்துப் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். அடுத்த லெந்து நாட்களில் அவர் மரித்துப்போனார். அடக்க ஆராதனையில் அவருடைய உண்மையைப் பற்றியும் உபசரிப்பைப் பற்றியும் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்று பலர் சொன்னார்கள்.

அதன்பிறகும் அந்த அறை அப்படியேதான் இருந்தது. இதையும் உங்களுக்கு மறைக்கக் கூடாது. அந்தக் கதவைக் கடந்துதான் தினமும் கிணற்றடிக்குப் போனேன். இந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள் என் மனைவி சாவியை எடுத்துவந்து மேஜைமேல் வைத்து, "நீங்க திறக்கிறீங்களா, நான் திறக்கட்டுமா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சாமானை அப்புறப்படுத்த 3 நாட்கள் பிடித்தன. இரண்டாம் நாள், நட்சத்திரக் கூடுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய அட்டை வந்தது. என்றோ ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நடித்த கிறிஸ்துமஸ் நாடகத்துக்காகச் செய்த சத்திரத்தின் கதவு. சிவப்பு எழுத்தில் "இடம் இல்லை" என்று எழுதியிருந்தது. பிரசங்கிக்கு இத்தனை எளிதாக ஓர் உவமை கையில் கிடைத்தால் அவன் அதைச் சந்தேகிக்கவேண்டும். ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுநேரம் நின்றேன். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் நாம் சத்திரம் என்று வாசிக்கும் இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல் 'கத்தாலுமா'. நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த சத்திரத்துக்கு லூக்காவே 10ஆம் அதிகாரத்தில் வேறு சொல்லை எழுதுகிறார். அங்கே சத்திரக்காரன் இருக்கிறான், பணம் கொடுக்கப்படுகிறது. 'கத்தாலுமா' மறுபடியும் வருவது 22ஆம் அதிகாரத்தில், ஆண்டவர் பஸ்கா உண்ண ஒரு வீட்டில் இடம் கேட்கும்போது. ஆகவே பெத்லகேமில் நிரம்பியிருந்தது வாடகைச் சத்திரமன்று, ஏதோவோர் உறவினர் வீட்டின் விருந்தினர் அறைதான் என்று பல வேத அறிஞர்கள் கருதுகிறார்கள். இதை நான் கிறிஸ்துமஸ் செய்தியிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சொன்ன ஆண்டும் அந்த அட்டைக் கதவு என் வீட்டு விருந்தினர் அறையில்தான் கிடந்தது.

அறை காலியானதும் சுவர் தெரிந்தது. இடுப்பளவு உயரத்துக்குச் சாந்து பொரிந்து, உப்புப் பூத்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வந்து பார்த்த கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது சுண்ணாம்புச் சுவரு ஐயா. இதுமேல யாரு சிமெண்டு பூசினது?" என்று கேட்டார். 25 ஆண்டுகளுக்கு முன் நாங்கள்தாம் பூசினோம். ஈரம் தெரிந்தது, சிமெண்டு பலமானது, அடைத்துவிடும் என்று நம்பினோம். அவர் விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்; பழைய வீடு வைத்திருக்கும் உங்களில் சிலருக்கு உதவும். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் பூச்சு கிடையாது. தரையிலுள்ள ஈரம் சுவருக்குள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். ஏறுவது ஏறும், காய்வது காயும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, இன்னும் மேலே ஏறி, உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். வெளிப்பார்வைக்குச் சில ஆண்டுகள் சுவர் நன்றாகத்தான் இருக்கும்.

சிமெண்டு முழுவதையும் கொத்தி எடுத்தோம். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாதாம், கழுவினால் கரைந்து திரும்பவும் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த தூரிகையால்தான் தட்டி எடுக்கவேண்டும். அந்த வேலையை நான் செய்தேன். பிறகு சுவரைச் சும்மா விடச் சொன்னார். எத்தனை நாள் என்று கேட்டேன். "அது காயுற வரைக்கும்" என்றார். 2 மாதங்கள் ஆயின. அந்த 2 மாதமும் செங்கல் தெரிய நின்ற அறையைத் திறந்து வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்தவர்கள் எட்டிப்பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மூடிவைத்திருந்த காலத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

பிறகு கொத்தனார் நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பில் மணலைச் சேர்த்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுக் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசினார். மேலே வெள்ளையடித்தது நானும் என் மகளும். வெள்ளையடிப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. பூசும்போது சுவரில் ஒன்றுமே ஏறாததுபோல இருக்கும், தண்ணீரைத்தான் தடவுகிறோமோ என்று தோன்றும். திக்காகப் பூச ஆசை வரும். அப்படிப் பூசினால் பொருக்குத் தட்டிவிடும். நீர்க்கப் பூசிவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் சுவர் வெளுத்திருக்கும். மூன்று முறை அப்படிப் பூசினோம். கையுறை போட்டுக்கொள்ளச் சொன்ன மகளின் பேச்சைக் கேட்காததால்தான் நீங்கள் பார்த்த கைகள். போகும்போது கொத்தனார் ஒன்றே ஒன்று சொன்னார்: "சாந்து இறுகணும் ஐயா. ஆறு மாசத்துக்கு ஆணி அடிச்சுராதீங்க."

தரையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை உரித்துத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் பழைய சிவப்பு திரும்பி வந்தது. அதற்குமேல் தரைக்கு ஒன்றும் செய்யவில்லை. 8 அடிக்கு 10 அடியில் இரட்டைக் கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது. 6 அடிக்கு 3 அடியில் ஒற்றைக் கட்டில் போதும், கூட வருகிறவருக்குப் பாய் விரித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். கதவு உட்பக்கமாகத் திறந்து கட்டிலில் இடித்தது. ஆசாரி கீலைக் கழற்றி எதிர்ப்பக்கத்தில் பொருத்தியதும், அறையே ஒரு சாண் பெரிதானதுபோல இருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தபோது என் மனைவி, "ஒரு ராத்திரி நீங்க அதுல படுத்துப் பாருங்க" என்றாள். படுத்தேன். விளக்கை அணைக்க எழுந்துபோக வேண்டியிருந்தது. சுவிட்சு கதவருகில், கட்டில் எதிர்ச்சுவரில். இருட்டில் கட்டிலுக்குத் திரும்பும்போது முழங்காலை இடித்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியை வைக்க இடமில்லை, தரையில் வைத்தேன். மாத்திரை போடத் தண்ணீர் இல்லை. நள்ளிரவில் எழுந்தபோது குளியலறைக்குப் போகும் வழி கும்மிருட்டாக இருந்தது. என் சொந்த வீட்டில் நானே சுவரைத் தடவிக்கொண்டு போனேன். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்பதையும் அன்றுதான் கண்டேன். வெளியே மட்டும் தாழ்ப்பாள் இருந்தது. சாமானுக்கு அதுதானே தேவை. விடியும்வரை நான் அந்த உபதேசியாரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அடிக்கடி எழுந்துபோக வேண்டிய உபாதை இருந்தது.

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் சூனேம் ஊரிலிருந்த ஸ்திரீ எலிசாவுக்காக மேல்வீட்டில் சிறிய அறை ஒன்றைக் கட்டுகிறாள். அதில் அவள் வைத்தவை நான்கு: கட்டில், மேஜை, நாற்காலி, விளக்கு. எத்தனையோ முறை இதைப் பிரசங்கித்திருக்கிறேன். நான்குக்கும் நான்கு ஆவிக்குரிய அர்த்தங்கள் சொல்லியிருக்கிறேன். சிலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டீர்கள். முழங்காலில் தைலம் தடவிக்கொண்டு மறுநாள் அதே பகுதியை வாசித்தபோது, அந்த அர்த்தங்களை எல்லாம் உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது. விளக்கு என்றால் விளக்குதான். நடந்து களைத்த மனிதனுக்கு இருட்டில் என்ன தேவைப்படும் என்று ஒரு பெண் யோசித்திருக்கிறாள். அதற்கும் முன்னால், இந்த மனிதர் நம் வழியாக அடிக்கடி போய்வருகிறாரே என்று கவனித்திருக்கிறாள். அவள் ஐசுவரியமுள்ளவள் என்று வேதம் சொல்கிறது. அதைவிட அந்தக் கவனிப்புத்தான் என்னைக் குத்தியது. பின்னாளில் அவளுடைய ஒரே மகன் இறந்தபோது, அவனைத் தூக்கிக்கொண்டு அவள் போய்க் கிடத்தியது அந்த அறையின் கட்டிலில்தான்.

கட்டிலருகே ஒரு சுவிட்சும், சுவரோரம் சிறு மேஜையும், வழியில் இரவு முழுவதும் எரியும் சின்ன விளக்கும், கதவுக்கு உள்தாழ்ப்பாளும் வைத்தோம்.

முதல் விருந்தாளியாக வந்தவர் அந்த உபதேசியாரின் மனைவி. கண்ணில் புரை, மருத்துவமனையில் காட்டவேண்டும் என்று பக்கத்து வீட்டார் தொலைபேசியில் கேட்டார்கள். வரச் சொன்னோம். மாலையில் வந்துசேர்ந்தவரை என் மனைவி அறைக்கு அழைத்துச் சென்றாள். நான் பின்னால் பையைக் கொண்டுபோனேன். உபதேசியாரம்மா உள்ளே நின்று சுவரையும் கட்டிலையும் மெல்லப் பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்போ ஐயர் வீட்டுலதான் தங்குனேன், நல்லா தூங்குனேன், வழிச்செலவுக்கும் தந்தாவன்னு அவிய சொன்னாவ. எந்த ரூம்ல படுத்தாவன்னு பாக்கணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். இதுதானா ஐயா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான், "பயணக் களைப்பா இருப்பீங்க, படுங்கம்மா. காலையில பேசுவோம்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். அந்த மனிதரை எனக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரியும். காணிக்கைக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகினால் இரவோடிரவாகச் சேகரத்துக்கு வந்து சொல்லுகிறவர். என் பேரைக் காப்பாற்றத் தம் மனைவியிடம் பொய் சொல்லியிருக்கிறார். சொல்லவைத்தவன் நான்.

காலையில் காப்பி கொடுக்கப் போனபோது கட்டில் விரிப்பு கலையாமல் இருந்தது. உபதேசியாரம்மா தரையில்தான் படுத்திருக்கிறார்கள். "தரை குளுமையா இருந்துச்சு" என்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மழை, சாமான், 500 ரூபாய், தாழ்வாரம்.

"அவிய பொய் பேசமாட்டாவளே ஐயா" என்றார்கள்.

"எனக்காகப் பேசியிருக்காங்கம்மா."

நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்போ இந்த ரூம் இருந்துச்சா?" என்று கேட்டார்கள்.

"இருந்துச்சும்மா. சாமான் கிடந்துச்சு."

தலையை அசைத்தார்கள். காப்பியைக் குடித்து, டம்ளரைத் தாங்களே கழுவி வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள். கூட வருவதாகச் சொன்னேன்; வேண்டாம், வழி தெரியும் என்றார்கள். மறுநாளும் வரச் சொல்வார்கள் என்பதால் இரண்டு இரவு தங்குவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் பையையும் எடுத்துக்கொண்டு போனதால், அங்கிருந்தே பேருந்து ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன். அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று அவர்களிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னார்கள்.

மாலை 5 மணி இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நேரே பின்பக்கம் போனார்கள். சற்றுக் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். பையைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டி, "எல்லாம் வச்சிருக்கீங்க, பை மாட்ட ஒரு ஆணி இல்ல. ஒண்ணு அடிச்சுத் தாங்க ஐயா" என்றார்கள்.

கொத்தனார் சொன்னது நினைவிருந்தது. சுத்தியலைத் தேடி எடுத்துவந்து அடித்தேன். இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்குச் சாந்து பெயர்ந்து தரையில் விழுந்தது. உபதேசியாரம்மா அதைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிட்டு, பையை மாட்டினார்கள்.